பழியின் தொடர்ச்சியும் வாரிசின்மையும்: அண்ணன்மார் சுவாமி கதையில் சங்கரின் 16 ஆண்டு வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டில் உடுக்கை ஒலியுடன் பாடப்பட்டு வரும் அண்ணன்மார் சுவாமி கதை மூன்று தலைமுறைகளின் கதை. பாரத மாந்தர் மீண்டும் பிறந்து வாழும் கதையாகவும் அது தன்னை அமைத்துக்கொள்கிறது. பெற்றோர்க்கு இழைக்கப்பட்ட தீங்கிற்குப் பழிதீர்க்கவே பிறந்தவன்போல் வளரும் சங்கர், பகைவர் கையால் மடியாமல் தன் வாளிலேயே வீழ்வது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பழி ஒரு கடனாகத் தலைமுறை கடந்து வருவதும், அதனை ஏற்க எவரும் எஞ்சாதவாறு கதை முடிவதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அண்ணன்மார் கதை, பொன்னர், சங்கர், தங்காள், பங்காளி, பழி, படுகளம், காங்கயம்.

கதையும் அதன் பதிவும்

திருப்பூர் என்றதும் பின்னலாடையும் பனியன் கம்பெனிகளுமே நினைவிற்கு வருகின்றன. ஆயின் 2009இல் அமைக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தின் தெற்கும் கிழக்கும் காங்கயமும் தாராபுரமும் சேர்ந்த மேட்டாங்காட்டுப் பகுதியாகும். கொங்கு நாட்டின் நெடுங்கதைகளுள் தலையாயதான அண்ணன்மார் சுவாமி கதையின் விரிவான பதிவுகளுள் ஒன்று கிடைத்தது இப்பகுதியிலேதான். அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் ஊரில், 1965இல், கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் இக்கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். இரவுதோறும் ஊரார் கூடியிருக்கப் பாடப்பட்ட வடிவம் ஒன்று. அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகச் சொல்லிய வடிவம் மற்றொன்று. இவற்றையும் பிற வடிவங்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1982இல் வெளிவந்தது. பாடலின் தமிழ் மூலமும் ஆங்கில ஆக்கமும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன.

கவிஞர் சக்திக்கனல் அச்சில் கொணர்ந்த வடிவம் தமிழ் ஆய்வாளர்க்கு நெடுங்காலமாகத் துணைநிற்பது. மு. கருணாநிதி இக்கதையைப் ‘பொன்னர் சங்கர்’ என்னும் புதினமாக்கினார். அது 2011இல் தியாகராசன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடம் ஏற்ற திரைப்படமாயிற்று. புதினத்திலும் படத்திலும் கதை வரலாற்று வீரகாவியத்தின் நடைக்கு வருகிறது. உடுக்கடிப் பாட்டிலோ சிவனும் மாயவரும் செல்லாண்டியம்மனும் ஒவ்வொரு திருப்பத்திலும் குறுக்கிடுகின்றனர், பன்றி பேசுகிறது, நாய் போரின் முடிவை மாற்றுகிறது. இவ்வியற்கை இறந்த கூறுகளைக் கழித்துவிட்டால் எஞ்சுவது பங்காளிச் சண்டை மட்டுமே. பழியைப் பற்றி இக்கதை சொல்ல விரும்புவதன் பெரும்பகுதி, கழிக்கப்படும் அக்கூறுகளிலேதான் உள்ளது.

முன்கதையும் பின்கதையும்

அண்ணன்மார் கதையைத் தனித்த கதையாகக் கொள்வோர் உளர். பாடகர் அவ்வாறு கொள்வதில்லை. பாண்டவர் ஆற்றி முடிக்காத வினை எஞ்சியிருந்தது. அது கொங்கில் மீண்டும் பிறந்தது என்பது பாட்டின் அடிப்படை. இந்தியாவின் வட்டார வாய்மொழிக் காவியங்கள் பலவும் மறுபிறப்பு என்னும் கண்ணியால் பாரத, இராமாயணங்களோடு தம்மைப் பிணைத்துக்கொள்வதை ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அண்ணன்மார் கதையும் அவர் எடுத்துக்கொண்ட கதைகளுள் ஒன்று. மூலக் காவியத்தைப் போலி செய்வதன்று இது. மூலம் விட்ட இடத்தில் தொடங்குவது.

விட்ட இடம் எது? குருச்சேத்திரப் போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் தந்தையின் சாவிற்குப் பழிவாங்கப் பாசறையில் உறங்குவோரைக் கொல்கிறான். அதனினும் கொடிது அதற்குப் பின் நிகழ்வது: அவன் விடுத்த படை உத்தரையின் கருவைத் தாக்குகிறது. பாரதத்தின் இறுதி வன்முறை, பிறவாத குழந்தையின்மேல் செலுத்தப்படுகிறது. கண்ணன் அருளால் பரீட்சித்து உயிர்பெறுவதாலேயே குலம் நிலைக்கிறது.

அண்ணன்மார் கதையின் பகையும் இவ்வாறே பிறப்பறையில் முற்றுகிறது. பெருங்கற்குவியலின் அடியில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த குன்னுடையான், இளமையிலேயே பெற்றோரை இழந்து, பங்காளிகளால் காணி பறிக்கப்பட்டு ஊரைவிட்டு அகன்றவன். தாமரையை மணந்து மீண்டும் வந்து நிலத்தை மீட்கிறான். மகப்பேறின்மையால் தாமரை சிவனை நோக்கி நெடுந்தவம் இயற்றுகிறாள். வரமாகக் கிடைக்கும் ஆண்மக்களுக்கு 16 ஆண்டே ஆயுள். ஆண்குழந்தை பிறந்தால் கொன்றுவிடுமாறு பங்காளிகள் மருத்துவச்சியை ஏவுகின்றனர். தெய்வத்தின் துணையால் இரட்டையர் மறைக்கப்படுகின்றனர். பெண்குழந்தை மட்டுமே பிறந்ததாகப் பகைவர் நம்புகின்றனர். செல்லாண்டியம்மன் காவலில், மண்ணுக்கடியில், பொன்னரும் சங்கரும் வளர்கின்றனர்.

ஆக, பழிதீர்ப்பவனாகச் சங்கர் தன்னைத் தேர்ந்துகொள்ளவில்லை. தாய் முகம் அறியுமுன் அவனுக்குப் பகைவர் இருந்தனர்.

பங்காளி என்னும் சொல்

‘பங்காளி’ என்பது பங்கினை ஆள்பவன் எனப் பொருள்படும். தந்தைவழி உறவினனையும் சொத்திற்கு உரிமை கோரத்தக்கவனையும் அது ஒருங்கே குறிக்கும். உறவும் உரிமையும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதே இக்கதையின் சிக்கல். குன்னுடையானை விரட்டியவர் அயலார் அல்லர். அவன் வீட்டுத் துக்கத்திற்குத் தீட்டுக் காக்க வேண்டியவர்கள். அவர்களை எதிர்ப்பது தன் குலத்தையே எதிர்ப்பதாகும்.

தலைமுறை மாறியும் சொல்லின் இப்பொருட்செறிவு குன்றவில்லை. 1925 அளவில் பின்னலாடைத் தொழில் கால்கொண்ட திருப்பூரில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டுழவிலிருந்து வந்த கவுண்டர் சமூகத்தார் தொழிலாளராய் நுழைந்து உரிமையாளராய் உயர்ந்த வகையைச் சரத் சாரி 2004இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். சகோதர முதலீடு எனப் பொருள்படும் தலைப்பினை அவர் அதற்கு இட்டமை கருதத்தக்கது. கூட்டு முதலீட்டில் கம்பெனி தொடங்குவோர் உறவினராகவும் இருக்கும் ஓர் ஊரில், பங்கு பிரிப்பதைப் பற்றிய நெடுங்கதை வழக்கொழியாதிருப்பதில் வியப்பில்லை. இதனை ஒப்புமையாகக் கொள்ளலாமேயன்றிக் காரணமாகக் கொள்ள இயலாது; கதை தொழிலைவிடப் பன்மடங்கு பழையது.

சங்கரின் வாள்

உடன்பிறந்தார் இருவரும் இயல்பால் வேறுபட்டவர்கள். பொன்னர் பொறுமையாளன், வயலையும் முறையையும் பேணுபவன். சங்கர் வெகுளி மிக்கவன். முதலில் வாளை உருவுபவன். மக்கள் இருவரையும் இணைபிரியாத தெய்வங்களாக வணங்கினும், பழிதீர்க்கும் பொறுப்பைப் பாட்டு இளையவன் தோளிலேயே ஏற்றுகிறது. அண்ணன் தயங்கும் இடங்களிலெல்லாம் தம்பி முந்துகிறான். வளர்ந்தபின் இருவரும் பங்காளிகளை நாட்டினின்றும் துரத்துகின்றனர். பெற்றோரின் அவமானத்திற்கு அங்கேயே ஈடுகட்டப்பட்டுவிடுகிறது. பழிக்கதை எனில் இங்கு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை என்பதே இக்கதையின் நுட்பம். துரத்தப்பட்டோர் பகையை மறப்பதில்லை. சில வடிவங்களில் அவர்கள் வேட்டுவரைத் தூண்டிவிடுகின்றனர். தங்கை தங்காள் விரும்பிய கிளிகளைப் பிடிக்க அண்ணன்மார் வேட்டுவர் காட்டிற்கு ஆளனுப்ப, அங்கிருந்து அடுத்த பகை எழுகிறது. கொம்பன் என்னும் பெரும்பன்றி விளைநிலங்களை உழக்கி அழிக்கிறது. பொன்னாச்சி என்னும் சிறு பெட்டைநாயின் துணையின்றி அதனை வெல்ல முடிவதில்லை. இப்பெருவீரர்க்குத் தம் வீட்டுச் சிறுநாய் இன்றியமையாததாகிறது என்பதைக் கேட்போர் நகைத்து மகிழும் இடமாகவே பாடகர் விரித்துப் பாடுவர். சங்கர் ஈட்டியால் பன்றியை வீழ்த்துகிறான். வேட்டுவப் படையையும் அழிக்கிறான். எதிர்க்க எவருமில்லை.

அந்நிலையிலேதான் மாயவரின் கணை அவன் மார்பைத் தொடுகிறது. அக்கணை கொல்வதற்காக விடப்பட்டதன்று. 16 ஆண்டு நிறைந்தது என்னும் அறிவிப்பு. சங்கர் அதனை உணர்ந்து தன் வாளின்மேல் வீழ்கிறான். தம்பியைக் கண்ட பொன்னரும் அவ்வாறே வீழ்கிறான்.

இம்முடிவைத் தோல்வியுறாத வீரனின் பெருமையாக விளக்குவது வழக்கம். பகைவன் கையால் மடியாமையால் புகழ் குன்றவில்லை என்பர். அவ்விளக்கம் பொருந்தாததன்று, எனினும் போதாது. சங்கரைப் பகைவன் ஒருவன் கொன்றிருந்தால் அக்கொலைக்குப் பழிவாங்கும் கடன் வேறொருவனுக்குச் சென்றிருக்கும். அசுவத்தாமன் தந்தையை இழந்து வாளெடுத்ததுபோல், இன்னோர் இளைஞன் எழுந்திருப்பான். தன் வாளில் வீழ்ந்தவனுக்காக எவரைப் பழிவாங்குவது? கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒருவனே ஆகும்போது பழி கைமாற வழியின்றி நின்றுவிடுகிறது. 16 ஆண்டு என்னும் வரையறையும் இதற்கே உதவுகிறது. பழிதீர்க்கும் வயதை அவன் எட்டலாம். தன் செயலுக்கு விடைசொல்ல வேண்டிய முதுமையை எட்ட முடியாது.

வேட்டுவர் பக்கம்

வேட்டுவரைக் கதை பகைவராக்குகிறது. அவர்தம் வழியினரோ இன்றும் கொங்கு நாட்டில் வாழும் ஒரு சமூகத்தார். ஆதலின் இப்பகுதியைக் கையாளும் ஆய்வாளர்க்குக் கவனம் வேண்டும். பாட்டையே கூர்ந்து நோக்கின் வேட்டுவர் காரணமின்றிப் படையெடுக்கவில்லை. காட்டைத் திருத்தி ஏர் பூட்டியோர் உழவர். கிளியைப் பறிகொடுத்தோர் வேட்டுவர். பன்றி அழித்த வயல்கள் முன்னாளில் அப்பன்றி உலவிய காடாகவே இருந்திருக்க வேண்டும். கொம்பனின் சீற்றத்தை வெறும் மிருக வெறியாகக் காட்டாமல், அதற்குப் பேச்சும் சினமும் தந்து பாடகர் பாடுகின்றனர். உழவர் தலைவரைத் தெய்வமாக்கும் கதை, அவரால் இடம்பெயர்ந்தோரின் குரலையும் முற்றிலும் அடக்கிவிடவில்லை. அண்ணன்மார் கதையை ஒரு சமூகத்தின் பெருமைப் பட்டயமாக மட்டும் படிப்போர் இவ்விடங்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

தங்காளின் தீ

அண்ணன்மார் வீழ்ந்ததை உணர்ந்த தங்காள், தன் அண்ணியர் உள்ளிருக்கவே அரண்மனைக்குத் தீயிடுகிறாள். அண்ணன்மார்க்கு மணம் நடந்ததேயன்றி இல்லறம் நடக்கவில்லை, குழந்தை இல்லை. இக்கொடிய நிகழ்ச்சியைக் கற்பின் காப்பாகவும் கைம்மைத் துயரின் விலக்காகவும் பாட்டு முன்வைக்கிறது. அதனை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. பழிக்கதையின் அமைப்பை நோக்கினால் அதன் பணி வேறு.

தமிழில் தீயிடும் பெண் என்றால் கண்ணகியே முன்நிற்பாள். கண்ணகி எரித்தது, தனக்குத் தீங்கிழைத்த அரசனின் ஊர். தங்காள் எரிப்பது தன் வீடு. முன்னதில் தீ பழியின் கருவி. பின்னதில் பழி தங்கியிருக்கக்கூடிய இடத்தையே தீ இல்லாமற் செய்கிறது. மருத்துவச்சியை ஏவிப் பங்காளிகள் செய்ய முயன்றதும் இக்குலத்தில் ஆண்வாரிசு இல்லாமல் ஆக்குவதையே. அவர்களால் முடியாதது, அவர்கள் கொல்லாமல் விட்ட பெண்குழந்தையின் கையால் நிறைவேறுகிறது. பாரதத்தில் பரீட்சித்து பிழைத்தான். அவனுடைய மகன் சனமேசயன் தந்தையின் சாவிற்காகப் பாம்புகளை வேள்வித்தீயில் இட்டான். கொங்குக் கதையில் பரீட்சித்து இல்லை. ஆதலின் சனமேசயனும் இல்லை. பாரதத்தின் பின்கதையாகத் தொடங்கிய ஒரு கதை தனக்குப் பின்கதை எழாதவாறு வாயிலை அடைத்துக்கொள்கிறது.

படுகளம்

தங்காள் காட்டில் அலைந்து அண்ணன்மாரின் உடல்களைக் காண்கிறாள். தெய்வ அருளால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர் மீண்டும் வாள் ஏந்துவதில்லை. தங்கையோடு பேசுகின்றனர், பின்னர் மீளாது செல்கின்றனர். உயிர்த்தெழுந்த வீரன் பகைமுடிக்கப் புறப்படுவது கதைகளில் எதிர்பார்க்கத்தக்கது. இங்கு எழுச்சி முழுவதும் விடைபெறுதற்கே செலவாகிறது.

இவ்விடமே சடங்காகவும் நிகழ்த்தப்படுகிறது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயிலை மையமாகக் கொண்டு மாசித் திருவிழா நடைபெறுகிறது; அங்கும் கொங்கின் ஊர்களிலும் படுகளம் நிகழ்த்தப்படுகிறது. உடுக்கையொலி உச்சத்தை எட்டும்போது அருள்வந்தோர் ஒவ்வொருவராய்க் களத்தில் வீழ்கின்றனர். தங்காளின் இடத்தில் நிற்கும் பெண் நீர் தெளிக்க, வீழ்ந்தோர் எழுகின்றனர். அருள்வந்து எழுந்தோரை வெல்லப் பகைவர் எவரும் களத்தில் நிறுத்தப்படுவதில்லை. தாயார் கண்ணீரோடு காத்திருந்து தம் மக்களைக் கைத்தாங்கலாக வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றனர்.