சத்தம் தாங்காத பிள்ளை

கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறும்போது, இலையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும் பிள்ளையை வீம்புக்காரன் என்று அதட்டிவிடுகிறோம். ஒளி, ஒலி, பிறர் முகவாட்டம் எல்லாவற்றையும் ஆழமாக உள்வாங்கும் இந்த மிகை நுண்ணுணர்வு ஒரு பிறவிக்குணம். உளவியலாளர் எலைன் ஆரோன் தம் கணவர் ஆர்தருடன் 1997-இல் இதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் இத்தகையவர்கள். இது நோய்ப் பட்டியலில் இல்லை.

'பயந்த சுபாவம்தானே, கண்டித்து வளர்த்தால் சரியாகிவிடும்' என்பார்கள். பதற்றமும் இதனுடன் கலந்து வருவது உண்மைதான். ஆனால் வெறும் பயமென்றால், நல்லதும் இவர்களிடம் கூடுதலாகப் பலிப்பது ஏன்? லண்டன் பள்ளி மாணவியருக்கு மனஉறுதிப் பயிற்சி தந்து பார்த்த 2015 ஆய்வில், மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது நுண்ணுணர்வு மிகுந்த சிறுமியரிடம்தான். அதட்டலில் அதிகம் நோகும் பிள்ளையே அரவணைப்பில் அதிகம் தழைக்கிறது. 'இத்தனை இளகிய மனசு பிழைப்புக்கு உதவுமா' என்றும் கேட்பார்கள். வள்ளலாரின் மனத்தை எந்த ஆய்வும் அளந்ததில்லை. ஆனால் பயிர் வாட்டத்துக்கும் கலங்கிய அவர்தாம், விருத்தாசலத்துக்குப் பக்கத்து வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கினார். அங்கே இன்றும் பசித்து வருவோர்க்குச் சோறு போடுகிறார்கள்.