கண்ணாடியா, தண்டாலா?

ஜிம்மில் புதிதாகச் சேரும் இளைஞரிடம் காரணம் கேட்டால், "உடம்பு ஏத்தணும்" அல்லது "தொப்பையைக் குறைக்கணும்" என்பார். உடம்பு மாறினால் தன்மேல் தனக்கே மதிப்பு வந்துவிடும் என்பது கணக்கு. அது பாதிதான் சரி.

உடற்பயிற்சியால் சுயமதிப்பு உயரும் என்பது உண்மை. ஆனால் ஜிம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான அலசல் ஒன்று, சராசரியாக உயர்வு சிறிதுதான் என்றது. உடல்திறன் உண்மையிலேயே கூடியவர்களிடம் அது சற்று அதிகம்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு சான்ஸ்ட்ரோம், மார்கன் என்ற இரு உளவியலாளர்கள் 1989-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். உதாரணமாக, முதல் வாரம் ஒருவருக்கு நாலு தண்டால் எடுப்பதற்குள் கை நடுங்குகிறது, இடுப்பு தரையில் விழுகிறது. இரண்டு மாதத்தில் அதே ஆள் மூச்சு வாங்காமல் பதினைந்து எடுக்கிறார். 'இது என்னால் முடிகிறது' என்பது முதல் படி. 'என் உடம்பு தெம்பானது' என்பது அடுத்தது. அதற்குப் பிறகுதான் 'நான் பரவாயில்லை' என்ற எண்ணம் வருகிறது. மேலே போகப்போக விளைவு மெலிந்துகொண்டே வரும். மொத்தத்தில் உயர்வு சிறிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் கண்ணாடியில் இருக்கிறது. தோற்றத்துக்காகவே பயிற்சி செய்கிறவர்களிடம் உடல் பற்றிய திருப்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே திருப்தியில்லாதவர்கள்தான் தோற்றத்தைத் துரத்துகிறார்களோ, துரத்துவதால்தான் திருப்தி குறைகிறதோ, இரண்டுக்கும் இடம் உண்டு. முறுக்கேறிய உடம்பை வைத்துக்கொண்டே தன்னை நோஞ்சான் என்று நம்பும் ஆண்களை அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் 1990-களில் ஆராய்ந்தார். இன்று இந்த நிலை மனநலக் கோளாறுகளின் பட்டியலில் இருக்கிறது. சிக்ஸ் பேக் போஸ்டரைப் பார்த்து வளரும் நம் பையன்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பெண்களுக்கோ, வீட்டில் உறவினர் சொல்லும் "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே?" ஒன்றே போதும்.

ஆகவே செல்ஃபியைவிட ஒரு நோட்டு நல்லது: இன்று எத்தனை பஸ்கி, எவ்வளவு தூரம் ஓட்டம் என்று எழுதி வையுங்கள். ஜிம் பிடிக்காவிட்டால் ஷட்டில், கபடி, நீச்சல் எதுவானாலும் சரி. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பை உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது. வாரக்கணக்கில் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மட்டும் தண்டாலை நம்பி இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.