126 பந்து, 10 இன்னிங்ஸ், 0 ரன்: இனி ஒரு ஜாக் மோரிஸ் வருவாரா?

ஸ்கோர் 1-0. கேட்டால் போரடிக்கிற மேட்ச் மாதிரி தெரியும். ஆனா, பேஸ்பால் ரசிகர்கள் 30 வருஷத்துக்கு மேலாகியும் பேசிக்கொண்டிருக்கும் ஆட்டம் இது.

1991 அக்டோபர் 27. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். வேர்ல்டு சீரிஸ் இறுதிப்போட்டித் தொடரில் மினசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிகளுக்குத் தலா 3 வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கே கோப்பை. முந்தைய ஆண்டு இரண்டு அணிகளுமே அவரவர் பிரிவில் கடைசி இடம்!

வீசியவர்கள் யார்?

ட்வின்ஸுக்கு 36 வயது ஜாக் மோரிஸ். பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்தவர். முதல், நான்காவது ஆட்டங்களிலும் அவர்தான் தொடங்கினார். நடுவில் கிடைத்தது மூன்றே நாள் ஓய்வு. எதிரில் 24 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். மோரிஸை ஹீரோவாகப் பார்த்து வளர்ந்த பையன். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் இருவரும் ஒரு ரன்கூட விடவில்லை.

திருப்பம் எங்கே?

8-வது இன்னிங்ஸில். பிரேவ்ஸின் லோனி ஸ்மித் முதல் பேஸில் நிற்கிறார். அடுத்தவர் அடித்த பந்து தூரமாகப் போகிறது. ஸ்மித் நேராக ஓடியிருந்தால் ரன். ஆனா, பந்து தங்கள் கையில் இருப்பதுபோல ட்வின்ஸ் ஃபீல்டர்கள் நடிக்க, அவர் தயங்கி நின்றார். மூன்றாவது பேஸோடு சரி.

அப்போதும் ஆபத்து தீரவில்லை. ஒரு அவுட்டுக்குப் பிறகு மூன்று பேஸிலும் ஆள். மோரிஸ் வீசிய அடுத்த பந்துகளில் ஒன்று தரையோடு உருண்டு முதல் பேஸ்மேனிடம் போக, ஒரே வீச்சில் இரண்டு அவுட். இன்னிங்ஸ் காலி!

மேனேஜர் ஏன் யோசித்தார்?

பேஸ்பாலில் ஒருவரை மாற்றி வெளியே எடுத்துவிட்டால், அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வரவே முடியாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மேனேஜர் டாம் கெல்லி, 'போதும்' என்றார். மோரிஸ் கேட்கவில்லை. கெல்லி விட்டுக்கொடுத்தார்.

10-வது இன்னிங்ஸிலும் மோரிஸ் ரன் கொடுக்கவில்லை. அதன் பிறகு ட்வின்ஸின் ஜீன் லார்கின் அடித்த அடியில், மூன்றாவது பேஸில் இருந்த டேன் கிளாடன் ஓடிவந்து அந்த ஒரே ரன்னை எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் மோரிஸ்தான்.

இப்போ ஏன் இப்படி நடப்பதில்லை?

2020 வேர்ல்டு சீரிஸ், ஆறாவது ஆட்டம். தோற்றால் டாம்பா பே ரேஸ் அணியின் கதை முடிந்தது. அதன் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அணி 1-0 என முன்னிலை. இருந்தும் 6-வது இன்னிங்ஸில் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். காரணம், டேட்டா. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்கிறது புள்ளிவிவரம். பிட்சரின் முழங்கை, தோள் காயம் பற்றிய பயமும் அணிகளுக்கு இப்போது அதிகம்.

அடுத்த சில நிமிடங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் முந்தியது. முடிவு 3-1. கேஷ் இன்றும் திட்டு வாங்குகிறார்.

டேட்டா தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. நூறு ஆட்டங்களைக் கணக்கில் எடுத்தால் கேஷ் பக்கம் நியாயம் உண்டு. ஆனா, அன்று ஸ்னெலின் கை எப்படி இருந்தது என்பதை நூறு ஆட்டக் கணக்கு சொல்லாது. 1991-ல் கெல்லி எடுத்ததும் ரிஸ்க்தான். 10-வது இன்னிங்ஸில் மோரிஸ் ஒரு ரன் கொடுத்திருந்தால், 'களைத்துப்போனவரை ஏன் வீசவிட்டாய்?' என்று அவரைக் கேட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு வேர்ல்டு சீரிஸில் ஒரே ஆட்டத்தில் 10 இன்னிங்ஸ் வீசியவர் எவரும் இல்லை.