ஏற்காட்டில் ஒரு பேரரங்கம் கட்டினால்?

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மைதானத்தில் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் மூடுபனி இறங்கும். எதிர் அணியில் நிற்பவர் முகமே தெரியாது. கோடை விழா மேடையில் பாட்டு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் சிதறி ஓடும். "நமக்கும் ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம் இருந்தால் எப்படி இருக்கும்!" என்று உங்களில் சிலராவது நினைத்திருப்பீர்கள். வாருங்கள், கற்பனையிலேயே ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்.

அளவுக்குச் சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி எழுந்த அரங்கம் அது. சுமார் 8,000 பேர் உட்காரலாம். 2017 புரோ கபடி லீக்கின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவும், அதே ஆண்டு செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் பாடல் வெளியீடும் அதே கூரையின் கீழ் நடந்தன. கபடிக்கும் பாட்டுக்கும் ஒரே இடம்!

முதல் சிக்கல் கூரை. நடுவில் ஒரு தூண் நின்றாலும் ஆட முடியாது, பார்க்கவும் முடியாது. தூணே இல்லாமல் அவ்வளவு அகலக் கூரை எப்படி நிற்கிறது? நான்கு ஐஸ் குச்சிகளை முனைகளில் குண்டூசியால் இணைத்துச் சதுரம் செய்யுங்கள். மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளுங்கள். அசையாது. குச்சி ஒடிந்தால்தான் முக்கோணத்தின் வடிவம் மாறும். அதனால்தான் பெரிய கூரைகளின் அடியில் நிமிர்ந்து பார்த்தால் முக்கோணம் முக்கோணமாக எஃகுக் கம்பிகள் தெரிகின்றன. குறைந்த எடை, நிறைந்த வலு.

ஆனால் ஏற்காட்டுக்கு நீளமான எஃகுச் சட்டத்தை எப்படிக் கொண்டுவருவது? சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நீண்ட லாரி முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் மெங்கரிங்ஹவுசன் 1940-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: குட்டையான குழாய்கள், அவற்றைத் திருகிப் பொருத்த எஃகுப் பந்துகள். எல்லாவற்றையும் சின்ன லாரியில் ஏற்றி வந்து, மேலே வைத்து முக்கோணங்களாகக் கோத்துவிடலாம். நம் மலைக்கென்றே செய்தது போலிருக்கிறது!

கூரைத் தகட்டுக்கு அலுமினியம் நல்லது. எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். அதன் தாதுவான பாக்சைட் எங்கே கிடைக்கிறது தெரியுமா? உங்கள் காலடியில்! சேர்வராயன் கோயில் இருக்கும் மலையுச்சி ஏன் அப்படித் தட்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை, பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கழுவிக் கொண்டுபோய்விட்டது. அலுமினியம் நிறைந்த செம்மண் பாறை மேலே மூடிபோல் தங்கிவிட்டது. அதை வெட்டி எடுத்து மேட்டூரில் அலுமினியம் ஆக்கினார்கள். வெட்டிய மலை மறுபடி வளராது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

சரி, கூரை போட்டாகிவிட்டது. 8,000 பேர் உள்ளே வருகிறார்கள். இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 8,000 பேர் என்றால் எட்டு லட்சம் வாட்! கூடவே மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சென்னையில் இந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதன இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டும். ஏற்காட்டில்? மேலே திறப்புகள் வைத்தால் சூடான காற்று தானாகவே ஏறிப் போய்விடும். ஆனால் வேறொரு வம்பு வரும். வெளியே குளிர், கூரைத் தகடும் குளிர்ந்திருக்கும். ஈரமான வெப்பக் காற்று அதைத் தொட்டதும் காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறி, சொட்டுச் சொட்டாக ஆடுகளத்தில் விழும். வீரர் வழுக்கி விழுவார்.

தகட்டின் கீழே தடிமனாகக் கண்ணாடிக் கம்பளி விரித்து, ஈரம் நுழையாதபடி மூடினால் அரங்கின் உட்பக்கம் குளிராது, துளியும் சேராது. சென்னையில் வெயிலைத் தடுக்கும் அதே கம்பளி, ஏற்காட்டில் பனித்துளியைத் தடுக்கும்.

கம்பளிக்குக் கீழே துளையிட்ட பலகைகளைப் பொருத்தினால் அது ஒலியையும் விழுங்கும். பெரிய கூடத்தில் இது மிகமிக அவசியம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 50 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் மோதித் திரும்ப ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த சொல்லைத் தொடங்கியிருப்பார். பழைய சொல்லும் புதிய சொல்லும் குழம்பிவிடும். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரைக் கூடம் இப்படித்தான் பயனற்றுக் கிடந்தது. ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் சுற்றிச்சுற்றி வந்ததாம். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைக்க வேண்டும். இப்படி இரவு இரவாக உழைத்து அவர் கண்ட விதியைத்தான் இன்றும் அரங்கம் கட்டுபவர்கள் பயன்படுத்துகிறார்கள்: கூடம் பெரிதானால் ஒலி நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும்.

மனிதர்களும் ஒலியை உறிஞ்சுவார்கள் என்பதையும் சபைன் அளந்து சொன்னார். அதனால் காலி அரங்கில் ஒத்திகையின்போது அலறும் மேளம், மாலையில் கூட்டம் நிறைந்ததும் தெளிவாகக் கேட்கும். அரங்கை வெப்பமாக்குவதும், ஒலியை அடக்குவதும் பார்வையாளர்களே. அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் வரைபடமே போட முடியாது.

விளையாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையை விட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைந்தால் இறகுப்பந்து விரைந்து பறந்து கோட்டைத் தாண்டிவிடும். இறகுப்பந்து டப்பாவின் மேல் 75, 76, 77 என்று எண் இருக்கும், பாருங்கள். எண் குறைந்தால் வேகமும் குறைவு. மலையில் ஆட எண் குறைந்ததை வாங்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். 8,000 பேர் அரங்கம் ஏற்காட்டுக்கு வேண்டாம். அவ்வளவு சமதளத்துக்காகச் சரிவை வெட்டினால் மழையில் மண் சரியும். அத்தனை பேர் வண்டிகளையும் அந்த இருபது வளைவுகள் தாங்காது. ஐந்நூறு பேர் உட்காரும் சிறு கூடம் போதும். முக்கோணக் கூரையும் கம்பளி உறையும் உச்சியில் காற்றுத் திறப்பும் இருந்தால் மூடுபனி நாளிலும் நீங்கள் கபடி ஆடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் பள்ளியின் பெரிய கூடம் காலியாக இருக்கும்போது ஒரு முறை கைதட்டுங்கள். ஒலி அடங்கும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். எல்லோரும் கூடி அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி தட்டுங்கள். இரண்டு எண்களையும் அறிவியல் நோட்டில் எழுதி வையுங்கள்.