பட்டாசா, துப்பாக்கியா? கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா?

தீபாவளிக்குப் பின் வரும் வளர்பிறை ஏகாதசியோடு தில்லியில் கல்யாண சீசன் தொடங்கிவிடும். தெருவுக்குத் தெரு ஷாமியானா. மாப்பிள்ளை குதிரை மேல் வருவார். முன்னால் பாண்டு வாத்தியம், இரு புறமும் விளக்குச் சுமந்து வரும் கூலியாட்கள், நடுவே ஆட்டம். நம் ஊர் ஜானவாசத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

ஆனால் ஜானவாசத்தில் இல்லாத ஒன்று இங்கே சில சமயம் சேர்ந்துகொள்கிறது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுடுவார். இந்திப் பத்திரிகைகள் இதற்கு 'ஹர்ஷ் ஃபயரிங்' என்று பெயர் வைத்திருக்கின்றன. ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. யாருக்கு மகிழ்ச்சி என்பதுதான் கேள்வி.

கிழக்குத் தில்லியில் மாடி போர்ஷனில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஓர் இரவு பதினொன்றரை மணிக்குப் பக்கத்துத் தெருவில் நாலு முறை சத்தம் கேட்டது. "பட்டாசாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால், தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ஓர் ஓட்டை. தொட்டியின் அடியில் ஒரு துப்பாக்கிக் குண்டு கிடந்தது. பகலில் வெயில் காய்வதற்காக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவருடைய பையன் பாயைப் போட்டுப் படிப்பான்.

போலீஸுக்குச் சொன்னாரா? இல்லை. "வீட்டுக்காரருக்கு வேண்டியவர் வீட்டுக் கல்யாணம் சார். நாமோ மதராஸி. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு என்று சொன்னால் எங்கே போவது?" என்றார்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. வெளியூரில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கும் உண்டு. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

மேலே போனது கீழே வரும்

வானத்தில் சுட்டால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது தவறான எண்ணம். நேர் மேலே சுட்ட ரைபிள் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். திரும்பி விழும்போது காற்றின் தடையால் வேகம் குறையும். குறைந்த பிறகும் விநாடிக்குச் சுமார் 60 முதல் 90 மீட்டர் வேகம் இருக்கும். மனிதத் தோலைத் துளைக்க 60 மீட்டர் வேகமே போதும். சாய்வாகச் சுட்டால் இன்னும் மோசம். குண்டு வேகம் அதிகம் இழக்காமல் அடுத்த தெருவில் பாயும்.

2016 டிசம்பரில் பஞ்சாபில் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண், விருந்தாளி ஒருவரின் குண்டுக்குப் பலியானார். 2018 டிசம்பர் 31 இரவு தெற்குத் தில்லி பதேபூர் பேரியில், பண்ணை வீடு ஒன்றில் புத்தாண்டு விருந்து. மகிழ்ச்சிக்காகச் சுட்ட குண்டு ஒரு பெண்ணின் தலையில் பாய்ந்து, அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். இருவருக்கும் சுட்டவரோடு எந்தப் பகையும் இல்லை. பாண்டு வாசிப்பவர், விளக்குச் சுமப்பவர், பந்தலில் தோசைக் கல்லுக்குப் பின்னால் நிற்கும் நம் பையன்கள், இவர்களும் அதே வானத்தின் கீழேதான் நிற்கிறார்கள்.

லைசென்ஸ் இருந்தாலும் குற்றம்

"அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதே" என்பார்கள். லைசென்ஸ் இருந்தாலும் பொது இடத்தில் சுடக்கூடாது, வெற்றுத் தோட்டாகூட வெடிக்கக்கூடாது என்பது 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதி. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது, கல்யாணம், கோயில், பொதுக்கூட்டம் ஆகியவற்றில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்குவது தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குண்டு யார் மீதாவது பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கி என்றால், வைத்திருந்ததற்கே குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

எப்படிச் சொல்வது?

சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளை மாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கவோ படம் பிடிக்கவோ வெளியே போகாதீர்கள். 112-க்கு போன் செய்யுங்கள். காசு கிடையாது.

இந்தி அதிகம் வராதவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும்: "யஹான் ஷாதி மே கோலி சல் ரஹி ஹை." இங்கே கல்யாணத்தில் துப்பாக்கி வெடிக்கிறது என்று பொருள். நம் ஊரில் கோலி என்றால் பையன்கள் விளையாடுவது. இங்கே கோலி என்றால் துப்பாக்கிக் குண்டு. அடுத்து இடத்தைச் சொல்லுங்கள்: பேட்டையின் பெயர், பிளாக், தெரு எண், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ. எத்தனை முறை கேட்டது, இன்னும் கேட்கிறதா என்பதையும் சொன்னால் நல்லது. சுட்டவர் யார் என்று நிரூபிப்பது உங்கள் வேலையல்ல. பட்டாசைத் துப்பாக்கி என்று நினைத்து நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை; பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் குற்றம்.

காலையில் தெருவில் பித்தளைத் தோட்டாக் கூடு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அதன் அடியில் உள்ள ஊசித் தடம் காட்டிக்கொடுக்கும். ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போலீஸாருக்குச் சொல்லுங்கள்.

பெயர் வெளியே வருமா?

112-க்குப் பேசினால் உங்கள் எண் பதிவாகும். வண்டியில் வரும் போலீஸார் வழி கேட்டுத் திரும்ப அழைக்கலாம். போனிலேயே இடத்தைச் சொல்லி, "என் பெயரை அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளலாம். வழக்கில் சாட்சியாக வர நேர்ந்து மிரட்டல் இருந்தால், 2018-இல் சுப்ரீம் கோர்ட் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுச் செய்யலாம்.

ஸ்டேஷனுக்கே போய்ப் புகார் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தில் இடமில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால், அந்த மாவட்டத்து உயர் போலீஸ் அதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்டிரேட்டிடம் போகலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். இரவே சொன்னால் துப்பாக்கியும் ஆளும் பந்தலிலேயே இருப்பார்கள். காலையில் பந்தலே இருக்காது.

நம் நண்பர் இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் அந்தக் குண்டை வீட்டுக்காரரிடம் காட்டினாராம். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லையாம். அவருடைய பேரன் பட்டம் விடுவதும் அதே மாடியில்தான். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அன்று ராத்திரியே ஏன் சொல்லவில்லை?"