குறைந்த வெளிச்சமும் புதிய கேமராவும்

ஜொகூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிறிய நகரம் பண்டார் தெங்காரா. 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய புதுநகரங்களுள் அதுவும் ஒன்று. அங்கே ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வார நாள்களில் வேலைக்குப் போகிறார். வார இறுதியில் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் படம் பிடிக்கிறார். பகலில் எடுக்கும் படங்கள் நன்றாகவே வருகின்றன. விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவையோ மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. தாலி கட்டும் நேரம் ஒருமுறை போனால் திரும்பி வராது. ஆகவே சேமித்து வைத்த சில ஆயிரம் வெள்ளியைக் கொண்டு புதிய கேமரா வாங்க எண்ணுகிறார். “இதில் ஐ.எஸ்.ஓ. ஒரு லட்சத்துக்கு மேல் போகும்” என்கிறார் கடைக்காரர். இந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாமா? இன்று நாம் ஆராயப்போவது இதைத்தான்.

முதலில் ஐ.எஸ்.ஓ. என்பது என்ன? பிலிம் காலத்தில், ஒளியை எவ்வளவு விரைவாக ஒரு பிலிம் பதிவு செய்யும் என்பதை எண்ணால் குறித்தார்கள். அமெரிக்கரின் ஏ.எஸ்.ஏ. முறையும் ஜெர்மானியரின் டி.ஐ.என். முறையும் 1974 முதல் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே தரக்குறிப்பில் இணையத் தொடங்கின. வெயிலுக்கு 100, மங்கிய ஒளிக்கு 400 என்று பிலிம் வாங்கியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எண் கூடினால் படத்தில் மணிகளும் பெரிதாகத் தெரியும். வேகத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

இன்றைய கேமராவில் பிலிமின் இடத்தில் சென்சார் இருக்கிறது. அதில் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் சென்சாருக்குக் கூடுதலாக ஒளி கிடைத்துவிடாது. கிடைத்த ஒளியின் மின்குறிப்பு பெருக்கப்படுகிறது, அவ்வளவே. வானொலி கேட்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். தொலைவிலுள்ள நிலையம் மெல்லக் கேட்கிறது, ஒலியைக் கூட்டுகிறோம், பாட்டும் உயர்கிறது, கூடவே இரைச்சலும் உயர்கிறது. படத்தில் தெரியும் புள்ளிகளுக்கும் இரைச்சல் என்றே பெயர்.

இந்த இரைச்சலில் பெரும்பங்கு ஒளியின் இயல்பிலிருந்தே வருகிறது. முற்றத்தில் ஒரே அளவான பாத்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறோம். கனமழை பெய்தால் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால் ஒன்றில் ஐந்து துளி விழுந்திருக்கும், பக்கத்தில் இருப்பதில் இரண்டே துளி. ஒளித்துகள்களும் இப்படித்தான் விழுகின்றன. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. ஆகவே இரைச்சலைக் குறைக்கும் முதல் வழி, சென்சாருக்கு அதிக ஒளி சேர்ப்பதே.

இப்போது விளம்பர எண்ணுக்கு வருவோம். 2016-இல் வெளிவந்த நிக்கான் டி5 கேமராவின் வழக்கமான எல்லை 102,400. அதற்கு மேலும் நீட்டித்து 32 லட்சத்தைத் தாண்டிய எண்ணையும் அதில் வைக்க முடிந்தது. ஆனால் அந்த உச்சியில் எடுத்த படத்தை யாரும் திருமண ஆல்பத்தில் ஒட்டமாட்டார்கள். உச்ச எண், பெருக்கல் எதுவரை போகும் என்பதைச் சொல்கிறது. படம் எதுவரை பார்க்கும்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

சென்சாரின் பரப்பு இதைவிடப் பயனுள்ள தகவல். முழுச்சட்ட சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.-சி வகையில் பல கேமராக்களில் அது சுமார் 367. துளை எண்ணும் ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், பெரிய சென்சார் இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகமாக ஒளி சேர்க்கும். ஐ.எஸ்.ஓ. கணக்கில் இது ஒரு படிக்குச் சிறிது மேல். சிறியதில் 3200-இல் வரும் தரம் பெரியதில் ஏறக்குறைய 6400-க்குச் சற்று மேல் வரை கிடைக்கலாம். ஒரே தலைமுறைச் சென்சார்கள் என்றால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? நம் பழைய கேமராவையும் ஒரு மெமரி கார்டையும் எடுத்துச் செல்லவேண்டும். இரண்டு கேமராவிலும் ஒரே துளை, ஒரே ஷட்டர் நேரம், ஒரே ஐ.எஸ்.ஓ. வைத்து, ஒரே காட்சியை 1600, 3200, 6400 என்று படிப்படியாக எடுக்கவேண்டும். கறுத்த கூந்தல், மனித முகம், சரிகைக் கரை மூன்றும் காட்சியில் இருப்பது நல்லது. கடை வெளிச்சமாக இருந்தாலும் ஷட்டரை விரைவாக வைத்துச் சோதிக்கலாம். மண்டபத்து மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு என்பதால், நீலத்தில் இரைச்சல் இன்னும் கூடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளவேண்டும்.

கேமராவே சமைத்துத் தரும் ஜேபெக் படத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. இரைச்சலைத் துடைக்கும்போது கூந்தலின் இழைகளையும் அது சேர்த்துத் துடைத்துவிடுவது உண்டு. வழவழப்பாக இருப்பதெல்லாம் தெளிவு அல்ல. பதப்படுத்தாத ரா கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே மென்பொருளில் திறந்து பார்க்கவேண்டும்.

பார்க்கும் முறையிலும் ஒரு தவறு நேர்கிறது. 12 மெகாபிக்சல் பழைய படத்தையும் 24 மெகாபிக்சல் புதிய படத்தையும் திரையில் புள்ளிக்குப் புள்ளி பெரிதாக்கிப் பார்த்தால், புதியதே மோசமாகத் தோன்றலாம். அங்கே நாம் புதிய படத்தைக் கூடுதலாகப் பெரிதாக்கிவிடுகிறோம். இரண்டையும் ஒரே அளவில், உதாரணமாக 12-க்கு 8 அங்குலத் தாளில், அச்சிட்டுப் பார்ப்பதே நியாயமான ஒப்பீடு. நிழல் பகுதியில் சிவப்பு, பச்சைத் திட்டுகள் உண்டா, தோலின் நிறம் மாறுகிறதா, சரிகை நூல் பிரிந்து தெரிகிறதா என்று கவனிக்கவேண்டும். திட்டுகள் கண்ணை உறுத்தும். நுண்ணிய மணிகளை ஆல்பம் புரட்டுபவர்கள் பொருட்படுத்துவதில்லை.

இரைச்சலை நீக்கும் மென்பொருள்களும் இன்று நன்கு வளர்ந்திருக்கின்றன. 2020-இல் டீஎக்ஸ்ஓ நிறுவனமும் 2023-இல் அடோபி நிறுவனமும், இயந்திரக் கற்றல் வழியாக ரா கோப்புகளைத் தூய்மை செய்யும் வசதியை வெளியிட்டன. பழைய கேமராவின் ஆயுளை இவை நீட்டிக்கக்கூடும். ஆயினும் ஒளியே பதியாத இடத்தில் மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்பும். ஒரு பாட்டியின் முகச்சுருக்கத்தை ஊகத்துக்கு விடலாமா என்பதை நாம் யோசிக்கவேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. கேமராவோடு வரும் சாதாரண லென்சை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 வரை சுருங்கிவிடுகிறது. அதில் ஐ.எஸ்.ஓ. 12,800 தேவைப்படும் காட்சிக்கு, எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் 1,300 அளவே போதும். சென்சாரைப் பெரிதாக்கினால் கிடைப்பது ஒரு படிக்குச் சிறிது மேல். லென்சை மாற்றினால் கிடைப்பதோ மூன்று படிக்கு மேல். விலையிலும் எளிய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், புதிய முழுச்சட்டக் கேமராவைவிட மிகக் குறைவு. ஆனால் துளை அகன்றால் தெளிவான ஆழம் குறையும். மணமகன் முகம் தெளிந்து மணமகள் முகம் மங்கலாம். இருவரையும் ஒரே தொலைவில் நிற்கவைத்து எடுக்கப் பழகவேண்டும்.

ஆகவே பண்டார் தெங்காரா இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது இது: முதலில் லென்சை மாற்றுங்கள். இரண்டு மூன்று திருமணங்களை அதில் எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். அப்போதும் குறை தெரிந்தால், எந்த எண்ணில் குறை தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த எண்ணில் புதிய கேமரா எப்படி எடுக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு லட்சத்தைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை.