ஆலா பார்க்கப் போறீங்களா? எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க!

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வீடும் விருந்தும்தான் கணக்கு. ஆத்தங்குடித் தரையைப் படம்பிடித்து, இலை போட்டுச் சாப்பிட்டு, பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகக் கிழக்கே விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கடல்! தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் ஓடையில் கிளம்பும் படகு, பாக் விரிகுடாவில் கொண்டுபோய் விடும்.

ஆழமில்லாத கடல் இது. பறவைகளில் ஆலாக்களும் கடற்காகங்களும்தான் இங்கே ராஜா. பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் வரும்போது தலை வெள்ளையாகத்தான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல ஒரு பொட்டு. தலை பழுப்பேறியதும் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குக் குஞ்சு பொரிக்கப் புறப்பட்டுவிடும். மணல்திட்டில் எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து ஒரே பக்கமாக நிற்கும். நடுவில் தடித்த சிவப்பு அலகோடு நிற்கிறதே, அது காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே பெரியது.

படகு நெருங்கினால் கூட்டமே எழும்பும். உடனே செல்போன்கள் உயரும். நமக்கு அது காட்சி, பறவைக்கு நஷ்டம். ஊர் திரும்பச் சேர்த்துவைக்கும் கொழுப்பிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் செலவாகிறது. உட்காரும் முன் அடுத்த படகு வந்துவிட்டால்? ராமர் சேது மணல்திட்டுகளில் நிலைமை இன்னும் இக்கட்டானது. அங்கே ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் முட்டை வெயிலில் கிடந்து வேகும்.

கிட்டப் போகாவிட்டால் காசு கொடுத்த சனம் சண்டைக்கு வரும் என்பது படகுக்காரர்கள் கட்சி. பிழைப்பு அவர்களுக்கு, மறுக்கவில்லை.

ஆனால் சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. 1977-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. பிள்ளைகளுக்கு மத்தாப்புகூட வாங்கித் தராமல் சமாளிக்கும் வீடுகள் அங்கே உண்டு. கண்மாய்ப் பறவைக்குக் கிடைக்கிற மரியாதை கடல் பறவைக்குக் கிடையாதா?

தனுஷ்கோடியில் 2025-ல் பூநாரைகளுக்கென்று 524.7 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள். சந்தோஷம். எல்லைக்கு வெளியே உள்ள திட்டுகளுக்கு யார் காவல்? திட்டு கண்ணில் பட்டதுமே எஞ்சினை அணைத்து, கம்பு ஊன்றித் தள்ளினால் போதும் என்பேன். படகேறும் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பைனாகுலர் தொங்கட்டும். கிட்டப் போகச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்க வேண்டிய வேலையே இருக்காது.